சாமித் தட்டில் வைத்த சதைத்துண்டு

புறக்கோட்டையில் இராமர் கத்தினால் கொட்டாஞ்சேனை வீட்டில் உலை வைக்கலாம் என்று கேலி செய்வார்கள். இருபத்தாறு வருட பஸ் கண்டக்டர். "வெள்ளவத்த, தெஹிவள, கல்கிஸ்ஸ!" என்று ஒரே மூச்சில் மூன்று ஊரையும் கூப்பிடுவார். வாயில் எந்நேரமும் வெற்றிலை. கடைசியில் நாக்கில் புற்றுநோய். வெட்டினார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் பிடித்தார்கள், மருந்து ஏற்றினார்கள். பாழாய்ப்போனது அடிநாக்கில் மறுபடி முளைத்தது.

"உடம்பின்ட எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புற மருந்துகள் இருக்கு" என்றார் டொக்டர் ஷபீகா. "ஆனா எல்லாருக்கும் ஒரே மருந்து சரிவராது. உங்கட கட்டியைச் சோதிச்சாத்தான் எதோட எதைச் சேர்த்துக் குடுக்கலாமெண்டு தெரியும். முதல் வெட்டின துண்டை அந்த ஆஸ்பத்திரி லாப்பில மெழுகில பதிச்சு வச்சிருப்பாங்க. வாங்கிட்டு வாங்க."

வாங்குவதற்குள் மூன்று வாரம். கடிதம் இல்லை என்றார்கள். கடிதம் கொண்டுபோனால் கையெழுத்துப் போடுகிற சேர் லீவு. சேர் வந்தால் அலுமாரிச் சாவி இல்லை. யன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எப்போதும் "ஹெட்ட எண்ட", நாளைக்கு வா என்று சிங்களத்தில். அந்த நாளை ஒருநாள் வந்தே விட்டது. தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெழுகு, அதற்குள் அவருடைய சதை.

வீட்டுக்கு எது வந்தாலும் அவர் மனைவி இராமலெட்சுமிக்கு முதலில் சாமித் தட்டுதான். கண்டக்டர் லைசனையும் அப்படித்தான் வைத்தாள். இராமர் குளித்துவிட்டு வருவதற்குள் மெழுகுக் கூட்டைத் தட்டில் வைத்து, பக்கத்திலேயே சூடம் ஏற்றியிருந்தாள். பிளாஸ்டிக் சுருண்டு, மெழுகு திருநீற்றில் ஓடி, சதை கருகிக் கிடந்தது.

"நல்லபடியா முடியணும்னுதாங்க வச்சேன்..."

காலி வீதி டிரைவர்களையெல்லாம் கிழி கிழியென்று கிழித்தவருக்கு, பெண்டாட்டியைத் திட்ட வெட்டுப்பட்ட நாக்கு புரளவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது. சுவரில் ஓங்கிக் குத்தினார்.

மறுநாள் டொக்டர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இது உதவாது. புதுசா வெட்டி எடுக்கோணும். வாயைத் திறங்க, பாப்பம்."

கரண்ட் பிடித்ததிலிருந்து தாடை இறுகிப்போயிருந்தது. ஒரு விரல் அளவுதான் திறந்தது.

"இன்னும் கொஞ்சம், ஐயா. ரெண்டு விரலாவது திறந்தாத்தான் அடிநாக்குக்குக் கத்தி போகும்."

காதுவரை வலித்தது. பக்கத்தில் இராமலெட்சுமி, பிள்ளைக்குச் சோறூட்டுகிறவள் மாதிரி, தன்னை அறியாமல் தன் வாயை அகலத் திறந்து நின்றாள். அதைப் பார்த்ததும் இராமருக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளுக்காகவே இன்னொரு தடவை முக்கினார்.

டொக்டர் அளந்து பார்த்தார். அதே ஒரு விரல்தான்.