மானத்துக்குப் பின்னாலேயே

"மூடு மச்சான், கதவ நல்லா மூடு. நான் மணி அடிச்சாத்தான் தொறக்கணும்."

குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. குளிர்பதனக் கிடங்கின் பொறுப்பாளர் தன் அக்காள் கணவரை உள்ளே விட்டுக் கனத்த கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காள், கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே உறைந்த பட்டாணி, வெண்ணெய், மீன் பெட்டிகள். அங்கே கொஞ்ச நேரம் நின்று பழகிவிட்டால், உலகத்தின் வடகோடியில் பனிப்பாறைகளுக்கு நடுவே கப்பல் தளத்தில் நிற்பது சுலபம் என்பது அக்காள் கணவருடைய கண்டுபிடிப்பு. அந்தக் கப்பல் சுற்றுலாவுக்கு இருவரும் போவதா இல்லையா என்று மறுநாள் சுற்றுலா அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும்.

மனிதர் திட்டம் போட்டே தலை நரைத்தவர். வேலையில் இருந்தவரை காகிதங்களில் முத்திரை குத்தினார். அதன் பிறகு அதுவும் இல்லை. மலையேறப் போவதாகப் பூட்ஸ் வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர்த்தொட்டி கழுவினார். பறவை பார்க்கத் தொலைநோக்கி வாங்கி, எதிர்வீட்டில் என்ன சமையல் என்று பார்த்துச் சொன்னார். கிளம்பும் நேரத்தில் ஏதாவது குறுக்கே வரும்: அக்காளின் முட்டி, அக்காளின் ரத்த அழுத்தம், அக்காளின் தலைச்சுற்றல். அக்காளுக்கு இல்லாத நோயெல்லாம் அவருடைய வாயில் அவளுக்கு வந்தது.

இப்போது தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். ஆனால் சுற்றுலாக்காரர்கள் கொடுத்த படப்புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள் அக்காள்தான். திமிங்கிலத்தின் வால் தண்ணீருக்கு மேலே நிற்கிற பக்கம் கசங்கிப் போயிருந்தது. எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவள், "இந்தத் தடவ கூட்டிட்டுப் போவார்டா" என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள்.

மணி அடித்தது. நிற்காமல் அடித்தது.

"என்ன சார், கரடி வந்துடுச்சா?" என்றார் பெட்டி இறக்குகிறவர்.

"இத்தன நாள் விட்ட கரடிதான் இப்ப வெளிய வருது" என்று கதவைத் திறந்தார் பொறுப்பாளர்.

கப்பல்காரருக்கு மூக்கு சிவந்து பற்கள் தந்தியடித்தன.

"எனக்கு ஒண்ணுமில்ல மச்சான். நான் ராத்திரி முழுக்க நிப்பேன். உங்க அக்கா உடம்புக்குத்தான் இது ஆகாது. பாவம், தாங்க மாட்டா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பொறுப்பாளர் அவரை, ஐஸ் உருகி நாறுகிற மீன் பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அக்காள் எழுந்தாள். கைப்பையைக் கணவர் கையில் கொடுத்தாள். ஆணியில் தொங்கிய தம்பியின் தடித்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தொற."

உள்ளே போனாள். கதவு மூடியது.

"மச்சான், கூப்பிடுப்பா அவள. ஏதாவது ஆயிடப் போவுது."

"மணி அடிக்கட்டும் மாமா."

மணி அடிக்கவில்லை. பெட்டி இறக்குகிறவர் போய் டீ குடித்துவிட்டு வந்தார். கப்பல்காரர் மனைவியின் கைப்பையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுப்பாளருக்கே பயம் வந்து கதவைத் திறந்தார். அக்காள் ஒரு வெண்ணெய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து, தன் மூச்சு புகையாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ளயா?" என்றாள்.

வெளியே வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"நாளைக்கு நான் போய் ஒரு டிக்கெட்டுன்னு சொல்லிட்டு வரேன். நீங்க அடுத்த வருஷம் போங்க."

"தனியாவா? தெருவுல கேட்டா என்ன சொல்றது? என் மானம் கப்பலேறிடும்."

"ஏறட்டும்" என்று கைப்பையை வாங்கிக்கொண்டாள். "பின்னாலயே நானும் ஏறிக்கிறேன்."

மறுநாள் கப்பல்காரருக்குச் சளி பிடித்திருந்தது. அக்காள் துணி காயப்போட்டுவிட்டு, பஸ் பிடித்துச் சுற்றுலா அலுவலகம் போய் அவர் பெயரை எடுக்கச் சொன்னாள். ஜன்னல் வைத்த அறை ஒன்று கிடைத்தது. கிடங்குக்குப் பட்டாணி லாரி வந்தது, மதியத்துக்குள் இறக்கிவிட்டார்கள். சாயங்காலம் கப்பல்காரர் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம், "டாக்டர் என்னப் போகக் கூடாதுன்னுட்டார். அவளாவது பாத்துட்டு வரட்டும்" என்றார். பிறகு உள்ளே போய் ஆவி பிடித்தார்.