அக்கா மறுத்த அசல் கணினி

ஹட்டனில் மின்சாமான் பழுதுபார்க்கும் முஸ்லிம் நானாவின் கடையில், தொலைக்காட்சியோடு இணைத்து ஓட்டும் பழைய கணினி ஒன்றைச் சென்ற மாதம் கண்டேன். துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். எனக்கோ அதன் விசைகளின்மேல் அக்காவின் இரத்தம்தான் தெரிந்தது. "ஒரிஜினல், டீச்சர், இப்ப கெடைக்கிறது கஷ்டம்," என்றார். வாங்கிவிட்டேன்.

பல வருஷங்களுக்கு முன் அக்கா தேயிலைத் தோட்ட ஒபிஸில் டைப்பிஸ்டாக இருந்தாள். அங்கே ஒதுக்கிப்போட்ட இதே மாதிரிக் கணினியைக் கேட்டு வாங்கி, வட்டகொடையில் தன் வீட்டுத் தரையில் வைத்துப் பழகினாள். ரெக்கோடரில் ஓடும் கெசட் நாடாவில் பதிந்ததை அது உள்வாங்கும்போது, தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஒரு சத்தம் வெகுநேரம் கேட்கும். பிறகு அவளே எழுதிய விளையாட்டு திரையில் வரும். கூடை சுமந்த ஒருத்தி அட்டைக்கடிக்குத் தப்பி மலையேற வேண்டும்.

லொறி ஓட்டிய அவள் கணவருக்கு அந்தச் சத்தமே ஆகாது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. "எவனுக்குடி சேதி அனுப்புற?" என்று தலைமயிரைப் பிடித்து அவள் முகத்தைத் திரையில் மோதினார். விசைகளின்மேல் இருந்த வலது கையைச் சப்பாத்துக் காலால் மிதித்தார். பிறகு கணினியை வயர்களிலிருந்து பிடுங்கி அதாலேயே அவளை அடித்தார். வயர் கழன்றதும், தனியே ஓடிக்கொண்டிருந்த ரெக்கோடரில் கெசட்டின் கீறல் சத்தம் இன்னும் பலத்தது. அன்று அங்கு தங்கியிருந்த நான் குறுக்கே பாய்ந்தேன். என் வாயிலும் ஓர் அடி விழுந்தது. அக்கா இடக்கையால், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் செங்கல் கனப் பெட்டியை வயரோடு சுழற்றி வீசினாள். அவருடைய தாடை உடைந்தது. சுவரோடு சரிந்தவரிடம், "இனிமே நான் இங்க இருக்க மாட்டேங்க," என்றாள். அப்போதும் அந்த 'ங்க' விடவில்லை. லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கெசட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இருவரும் வெளியேறினோம். அவளுடைய இரண்டு விரல்கள் அதன்பின் நிமிரவே இல்லை.

இப்போது கொட்டகலையில் என்னோடு இருக்கிறாள். பழைய கணினியைப்போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளை லாப்டொப்பில் போட்டு, கெசட்டிலிருந்த விளையாட்டையும் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். முதல் நாளே சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் விளையாடினாள். எனக்கு அது போதவில்லை. அந்த விசைகளின் அழுத்தமும், பழைய திரையில் எழுத்துகள் நடுங்கும் அழகும் அதில் இல்லை. அசல் கிடைத்தால் மகிழ்வாள் என்று நம்பினேன்.

அசலை இணைத்துக் கெசட்டை ஓடவிட்டேன். கீறல் எழுந்தது. அக்காவின் கை தலையை மறைத்துக்கொண்டது. சட்டென்று ரெக்கோடரின் மின்வயரைப் பிடுங்கினேன்.

"சரியா ஓடலையா அக்கா?"

"எல்லாம் அப்படியேதான் இருக்கு. அவரும் வந்துட்டாரு. கொண்டுபோயி குடுத்துரு. எனக்கு லாப்டொப்பே போதும்."

பெட்டியில் கட்டி வாசலைத் தாண்டித் தூக்கிப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகுதான் அவள் தலையிலிருந்து கையை இறக்கினாள்.