மிஷாரி இல்லாத அபூ மிஷாரி

"இதெல்லாம் ஒரு பேரீச்சம்பழமா? மரத்தூளை உருட்டி வச்ச மாதிரி இருக்கு."

எங்க மாடியில குடியிருக்கிற அபூ மிஷாரி தினம் காலையில இதைச் சொல்லாம இருந்ததில்லை. வாங்கறதும் அவர்தான், திட்டறதும் அவர்தான். "டமாஸ்கஸ்ல ஆப்ரிகாட் கொட்டிக் கிடக்கு, அதைத் தின்னுங்களேன்"ம்பேன். "உங்களுக்குப் புரியாது உம்மு கியாஸ்"ம்பார். வளைகுடாப் பக்கம், தோப்பும் துரவுமா இருந்த ஊர்க்காரர்.

அவங்க நாட்டுல கட்சின்னு வாயைத் திறந்தாலே ஜெயில். அதனால அரபு சோஷலிஸ்ட் கட்சியை இவரும் இவர் தோழர்களும் எங்க மாடியில வச்சு நடத்தினாங்க. எல்லாரும் சமம்னு மணிக்கணக்கா பேசுவாங்க, குடிச்ச டம்ளரைக் கழுவ ஒருத்தர் எந்திரிக்க மாட்டாங்க. "தோழர்களே, உங்க சமத்துவம் அடுப்படிக்குள்ள வராதா?"ன்னு ஒரு நாள் படியில நின்னே கேட்டுட்டேன். எந்திரிச்சுக் கழுவினது இவர் ஒருத்தர்தான். அன்னையிலேர்ந்து இந்த ஆள் மேல எனக்கு ஒரு மரியாதை.

கல்யாணமே ஆகாத மனுஷன். எங்க பக்கம் மூத்த பையன் பேரை வச்சுத்தான் அப்பனை அபூ, அம்மாவை உம்முன்னு கூப்பிடுவோம். என் பையன் கியாஸ், நான் உம்மு கியாஸ். பிள்ளை இல்லாதவங்களும் ஏதோ ஒரு பேரை வச்சுக்குவாங்க. கட்சியில சொந்தப் பேரைச் சொல்லக்கூடாதே, அதனால அங்க எல்லாரும் அபூ யாரோதான். இவர் நிஜப் பேர் மர்ஸூக். பேர் என்னன்னு கேட்டப்ப மிஷாரின்னு வாயில வந்துருச்சு. ஊரை விட்டு வர்றப்ப கடைசியா மடியில வச்சிருந்த குழந்தை அது. பெரியப்பா மகன் ஷாஹீனோட முதல் பையன்.

கட்சிக்கு டமாஸ்கஸ் ரேடியோவுல சாயங்காலம் கொஞ்ச நேரம் கிடைச்சுது. இவர்தான் வாசிப்பார். "அபூ மிஷாரி பேசறேன்"னு ஆரம்பிச்சு, அங்க ஆளறவங்களைக் கிழிகிழின்னு கிழிப்பார். பேச்சுல இவர் ஊர் வாடை அடிக்குதேன்னு போலீஸ் அங்க போய்த் தேடுச்சு. அங்க மிஷாரிக்கு அப்பன் ஒருத்தன்தானே! தோப்புக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருந்த ஷாஹீனைத் தூக்கிட்டாங்க. "ரேடியோவுல பேசறவன் வேற, எழுதிக் குடுக்கறவன் நீ"ன்னு அடிச்சாங்களாம். அந்த ஆளுக்குக் கையெழுத்துப் போடவே வராது.

சேதி வந்த அன்னைக்கு இவர் மாடியில கத்தினது தெருவுக்கே கேட்டுச்சு. "அபூ மிஷாரி நான்தான், என் பேர் மர்ஸூக்னு இன்னைக்கே ரேடியோவுல சொல்லிடறேன்!"

"உட்காருங்க தோழரே"ன்னார் தலைவர். "சொன்னா உங்க அம்மா, தங்கச்சி எல்லாரையும் அள்ளிட்டுப் போவான். ஷாஹீனையும் விடமாட்டான்."

இவர் உட்கார்ந்துட்டார். அப்புறம் ரேடியோ பக்கமே போகலை. ஆனா உண்மையைச் சொல்லவும் இல்லை.

"அம்மாவுக்காக உட்கார்ந்தேனா, பயந்து உட்கார்ந்தேனா?"ன்னு என்கிட்ட எத்தனையோ தடவை கேட்டிருக்கார். "ரெண்டும்தான்"னு வெண்டைக்காய் நறுக்கிட்டே சொல்லுவேன். வேற என்னத்தைச் சொல்ல?

ஷாஹீன் வெளிய வர்றதுக்குள்ள கட்சியே உடைஞ்சு போச்சு. தோழர்கள் லண்டன், ஸ்வீடன்னு போயிட்டாங்க. இவர் மட்டும் மாடியை விட்டு நகரலை.

போன ரமலானுக்கு முன்னாடி எங்க கதவை யாரோ தட்டினாங்க. இங்க இருக்கிற தர்காக்களைப் பார்க்க வர்ற ஜியாரத் பஸ்ல வந்த ஒரு வயசான மனுஷன். இடது கை மடங்கலை, கக்கத்துல ஒரு டின். "மர்ஸூக் இருக்கானா?"ன்னார். அந்தப் பேரை இந்தத் தெருவுல யாரும் கேட்டதே இல்லை. யாருன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. மாடிக்கு ஓடினேன். உள்பக்கம் தாழ்ப்பாள்.

"உங்க அண்ணன் ஷாஹீன் வந்திருக்கார், திறங்க!"

"நான் இல்லேன்னு சொல்லிடுங்க."

"இல்லாத ஆள் எப்படிய்யா பதில் சொல்லும்?"

திறக்கலை. ஷாஹீன் படியில உட்கார்ந்து நான் குடுத்த காபியைக் குடிச்சார்.

"முதல் நாளே ரேடியோவுல அவன் குரல்னு தெரிஞ்சுபோச்சும்மா. போலீஸ்காரனுங்க அடிச்சுக் கேட்டப்ப நான் சொல்லலை. எம்புள்ளை பேரை எடுத்துக்கிட்டியே, அவன் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துகூட இல்லையாடான்னு திட்டணும்னு வந்தேன். திட்டக்கூட ஆள் கிடைக்கலை பாரு."

பஸ் கிளம்பற நேரம் வரைக்கும் காத்திருந்தார். டின்னை வாசல்ல வச்சுட்டுப் போயிட்டார். உள்ள அவங்க தோப்புப் பழம்னு சொல்லிட்டுத்தான் போனார். இவர் அதைத் தூக்கி ஜன்னல்ல வச்சார், அவ்வளவுதான். இன்னும் பிரிக்கலை. இப்ப கடைக்கும் போறதில்லை, பழத்தைத் திட்டறதும் இல்லை. காலையில அந்தத் திட்டு கேக்காம எனக்கு என்னமோ பண்ணுது.

இதைப் படிக்கிறவங்க யாராவது, முக்கியமா அந்தப் பழைய தோழர்கள், ஒரு தடவை போய்ப் பாருங்க. டமாஸ்கஸ்ல ருக்னுத்தீன் மேட்டுல பேக்கரிக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு. அபூ மிஷாரின்னு கூப்பிடாதீங்க, மர்ஸூக்னு கூப்பிட்டுத் தட்டுங்க. திறக்கலேன்னா திரும்பவும் தட்டுங்க. அந்த டின்னைப் பிரிச்சு அவர் கையில ஒரு பழத்தைக் குடுங்க. ஷாஹீனைப் போய்ப் பார்க்க முடியாட்டியும் ஒரு போனாவது போடச் சொல்லுங்க.

கிளம்பறப்ப டம்ளரைக் கழுவி வச்சிட்டுப் போங்க.