இடது பக்கப் பொத்தான்

கோட்டை மதில்மேல் முதல் அம்பு வந்து விழுந்ததும் சுகுமார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார். உட்கார்ந்துகொண்டு வீடியோ கேம் ஆட அவருக்கு வராது. படகில் நிற்பதுபோல் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டால்தான் கை ஓடும். அவர் படகில் செருப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது. டிவிக்குள் வருகிற படகுக்கும் அதையே சட்டமாக்கிவிட்டார். எதிர்வீட்டுக்காரி என்று எனக்கு ஒரு சலுகையும் இல்லை. வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

எங்கள் ஊர் மணப்பட்டில் அவருக்கு ஒரு பைபர் படகு இருக்கிறது. விடியலில் கடலுக்குப் போய், வெயில் ஏறும்போது கரைக்கு வந்து, வலையை உதறிப் போட்டுக் குளித்துச் சாப்பிட்டுவிட்டால், பிற்பகல் முழுக்க அவர் பனி கொட்டும் ஏதோ ஒரு வடக்குத் தேசத்தில் இருப்பார். அந்தத் தேசம் ஒரு டிவி தொடரிலிருந்து வந்தது. தமிழில் பேசவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டையை இழந்த ஓர் அரசகுமாரி, அவளைத் துரத்தும் சித்தப்பன், பேசுகிற ஓநாய்கள் என்று எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்தது. அவள் வீடு திரும்பினாளா என்று தெரிவதற்குள் சேனல்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மீதிக் கதை கேமாக வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் சுகுமாரின் மச்சான். தன் பழைய கேம் பெட்டியையும் அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

இதில் வெட்டுக்குத்து குறைவு, பேச்சுதான் அதிகம். யாராவது ஏதாவது கேட்பார்கள். இரண்டு பதில்கள் வரும். அடியில் ஒரு வெள்ளைக் கோடு குறுகிக்கொண்டே போகும். அது தீர்வதற்குள் ரிமோட்டில் இடது பொத்தானையோ வலது பொத்தானையோ அழுத்த வேண்டும். எதை அழுத்துகிறோமோ அதன்படி கதை போகும். எல்லாம் ஆங்கிலம். அவர் மனைவி அபிதா என்னிடம் பத்தாவது படித்தவள். பூண்டு உரித்துக்கொண்டே தமிழாக்கிச் சொல்கிறாள். "மந்திரி, என்ன நம்பலாமான்றான். நம்பறதுன்னா லெப்ட்டு." பள்ளிக்கூடத்தில் அவள் இத்தனை வேகமாக மொழிபெயர்த்து நான் பார்த்ததில்லை.

சுகுமார் பொத்தானை அழுத்துவதோடு விடமாட்டார், வாயாலும் பதில் சொல்வார். "இன்னாய்யா நீ, காலைல ஒரு பேச்சு, சாய்ந்தரம் ஒரு பேச்சு?" இது மந்திரிக்கு. அரசகுமாரியிடம் மட்டும் குரல் இறங்கிவிடும். "பயப்படாதமா, வூட்டுக்குப் போயிடலாம்."

ஆனால் போனபாடில்லை. நாலாவது பாகத்தில் ஓர் ஏரி வருகிறது. அரசகுமாரி படகில் தப்பிக்கும்போது துடுப்புப் போட்டவன் ஒருவன் தண்ணீரில் விழுந்துவிடுகிறான். கதையில் பேர்கூட இல்லாத ஆள். இடதை அழுத்தினால் படகு அவனுக்காகத் திரும்பும். அப்போது சித்தப்பன் ஆட்கள் பிடித்துவிடுவார்கள், கதை அங்கேயே முடிந்து எழுத்து ஓடும். வலதை அழுத்தி அவனை விட்டுவிட்டு அக்கரைக்குப் போனால்தான் ஐந்தாம் பாகம். சுகுமார் ஒவ்வொரு முறையும் இடதை அழுத்துகிறார், பிடிபடுகிறார், மறுபடி முதல் பாகத்திலிருந்து தொடங்குகிறார். முன்னாலேயே ஓநாயிடம் பதமாகப் பேசியிருந்தால், மந்திரியை நம்பாமல் இருந்திருந்தால், ஏரியில் ஒரு வழி கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. "காத்துக்கு அந்தப் பக்கமா சுத்தி வந்தா ஆளத் தூக்கிடலாம் டீச்சர். கேம் செஞ்சவனுக்குப் படகு வுடத் தெரியல."

இதற்கான காரணம் அதே அறையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பெயர் சுப்புராயன். ஐம்பது தாண்டியவர், அவரும் கடலுக்குப் போகிறவர்தான். போன வருஷம் ஐப்பசியில் சுகுமாரின் படகு அலையில் கவிழ்ந்தது. தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவரைத் தூரத்திலிருந்து சுப்புராயன் பார்த்துவிட்டார். விரித்திருந்த வலையை இழுத்துக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று அப்படியே அறுத்துவிட்டுப் போய்த் தூக்கினார். அன்று வலையில் நல்ல மீன் பட்டிருந்ததாம். அதைக்கூட அவர் சொல்லவில்லை, உடன் போனவர்கள் சொன்னார்கள். அவரிடம் பேச்செடுத்தால், "சரி வுடு, ஒரு வலைதான" என்று பீடியைத் தேடுவார்.

சுகுமார் விடுகிறவர் இல்லை. கரைக்கு வருகிற நாளெல்லாம் முதல் நல்ல மீன் சுப்புராயன் வீட்டுக்குப் போகிறது. மீன்காரர் வீட்டுக்கே மீன் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரே ஆள் எங்கள் ஊரில் இவர்தான். "எங்கூட்ல இன்னா கத்திரிக்காயாடா புடிக்கறாங்க?" என்று சுப்புராயன் கேட்டும் பார்த்துவிட்டார். மீன் நிற்கவில்லை. இப்படி ஓர் ஆள் எதிர்வீட்டில் வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். எனக்கு மீன் வருவதில்லை என்றாலும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். ஏரி வந்தது. சுப்புராயன் தொண்டையைச் செருமினார்.

"டேய் சுகுமாரு. நான் உங்கிட்ட எதனா கேட்டுருக்கறனா?"

"இல்ல மாமா."

"இன்னிக்கிக் கேக்கறன். அந்தப் பொண்ணு வூடு போய்ச் சேந்துச்சான்னு எனக்குத் தெரியணும்டா. இந்த ஒரு வாட்டி அவன வுட்டுட்டுப் போ."

அபிதாவின் கை பூண்டில் நின்றது. எனக்குப் பாவமாக இருந்தது. உயிரைக் காப்பாற்றியவர் வாய் திறந்து கேட்கிற முதல் காரியம் இது. எப்படி மாட்டேன் என்பது? ஆனால் தண்ணீரில் கிடக்கிறவனை விட்டுவிட்டுப் போகச் சொல்லி சுகுமாரிடமா கேட்பது?

சுகுமார் ஆட்டத்தை நிறுத்திவைத்தார். "என் கையால முடியாது மாமா. நீயே அமுக்கிக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டன்." ரிமோட்டை அவர் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கால்கள் அப்போதும் அகட்டியேதான் இருந்தன.

"ரைட்டு எதுமா?" என்றார் சுப்புராயன். அபிதா தொட்டுக் காட்டினாள், ஆட்டத்தையும் ஓடவிட்டாள். வெள்ளைக் கோடு குறையத் தொடங்கியது. திரையில் அந்தப் பேர் இல்லாதவன் ஒரு கையைத் தூக்கினான். சுப்புராயனின் கட்டைவிரல் வலது பொத்தான்மேல் தயாராக இருந்தது. கோடு பாதியாயிற்று.

"இவங்கிட்ட கேன்கூட இல்லியே," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. விரல் நகர்ந்து இடதை அழுத்தியது.

துடுப்புகள் திரும்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சித்தப்பன் ஆட்கள் வந்தார்கள், எழுத்து ஓடியது. "எம்புத்தி போவுது பாரு," என்று சுப்புராயன் தன்னையே திட்டிக்கொண்டார்.

சுகுமார் சுவரை விட்டுத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். கேம் ஓடும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரிமோட்டை அவரிடமிருந்து வாங்கவில்லை. மாமாவின் கட்டைவிரலைப் பிடித்து, முதல் பாகத்தைத் தொடங்குகிற பொத்தான்மேல் கொண்டுபோய் வைத்தார்.