பக்கம் தெரிந்த சத்தம்

தண்ணீருக்குள் சத்தத்துக்குப் பக்கம் கிடையாது. மேலே படகு இயந்திரம் ஓடினால் அது தலை முழுவதும் ஓடும். வலமா இடமா, கிட்டவா தூரவா என்று சொல்லவே முடியாது. பதினொரு வருடமாக வடகரைக் கடலில் சங்கு எடுக்க இறங்குகிறவன் நான். அதனால்தான் அந்தப் பங்குனி மாதக் காலையில், எட்டுப் பாக ஆழத்தில், எட்டு ஆள் உயரத்துக்குக் கீழே, எனக்கு இடப்பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டபோது உடம்பு சில்லிட்டுப் போனது.

நான் மூச்சை இழுத்தேன்; அதுவும் இழுத்தது. நான் விட்டேன், ஒரு கணம் பிந்தி அதுவும் விட்டது. ஈரமான, கரகரத்த மூச்சு. நான் நிறுத்திப் பார்த்தேன். அது மட்டும் இன்னொரு தரம் வந்தது. திரும்பினேன். மணலும் பாசி படிந்த கல்லும்தான். என்னோடு இறங்கிய அண்ணை வலப்பக்கத்தில், நல்ல தூரத்தில் குனிந்து மணலைத் துழாவிக்கொண்டிருந்தார்.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. அடுத்த ஒழுங்கைச் சந்தில் இருக்கிறவர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சிலிண்டர் கட்டி இறங்குவது நாங்கள் இருவரும். படகைப் பார்ப்பது ஓட்டி. எப்போதும் இந்த மூன்று பேர்தான்.

மேலே வந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று மறுபடி இறங்க விட்டிருக்கமாட்டார்கள். உண்மையில் இரண்டு வாரமாகவே இடக்காது சரியில்லை. முதலில் அரித்துக் கடித்தது. கோழி இறகை விட்டுக் குடைந்தேன், சுகமாக இருந்தது. பிறகு மோட்டார் சைக்கிளைப் பூட்டித் திறக்கிற திறப்பாலும் குடைந்தேன். காலையில் தலையணை உறையில் மஞ்சள் கறை. சோறு மென்றால் தலைக்குள் யாரோ சருகில் நடப்பதுபோல் கேட்டது.

"என்னப்பா, பக்கத்திலை நிண்டுகொண்டு ஏன் கத்துறியள்?" என்றாள் மனைவி.

"நான் எங்கை கத்தினனான்?"

அவள் உள்ளிப் பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி இளஞ்சூட்டில் ஊற்றினாள். அடைப்பு இன்னும் கூடியது. போதாததற்குத் தடிமன் பிடித்து மூக்கும் அடைத்திருந்தது.

அன்று இரண்டாம் தடவை இறங்கும்போது அந்த மூச்சும் இடப்பக்கத்தில் கூடவே வந்தது; மூன்றாவது பாகத்திலேயே அழுத்தம் சமனாகாமல் காது திறக்க மறுத்தது. மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதினேன். திறக்கவில்லை. இன்னும் இறங்கி, இன்னும் பலமாக ஊதினேன். துணி கிழிகிற சத்தம் தலைக்குள் கேட்டது. சூடான வலி, உடனே ஐஸ் போன்ற குளிர் காதுக்குள் புகுந்தது.

கடல் சுழன்றது. அடித்தரை என் தலைக்கு மேலே தொங்கியது. என் வாயிலிருந்து போன குமிழிகள் பக்கவாட்டில் ஓடின. பயத்தில் மேலே போகிறேன் என்று நினைத்துக் காலை அடித்தேன், கையை நீட்டினேன். வெளிச்சம் வரவேண்டிய இடத்தில் விரல்களில் மணல் தட்டியது. அந்த நேரம் இடப்பக்கத்து மூச்சு சட்டென்று நின்றுவிட்டது. ஆரம்பித்ததைவிட அது நின்றதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

யாரோ என் தோள்வாரைப் பிடித்தார்கள். அண்ணை. அவர் என்னை இழுக்கவில்லை. என் முகத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். உள்ளே போன தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு வர, சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. குமிழிகள் நேராக எழத் தொடங்கியதும் அவற்றைச் சுட்டிக்காட்டினார். அவற்றின் பின்னால் மெதுவாக ஏறினோம்.

படகில் காலையில் குடித்ததெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தேன். காதிலிருந்து இரத்தம் கழுத்தில் வழிந்தது.

"அண்ணை, காலமை கீழை என்ரை இடப்பக்கம் வந்தனீங்களோ?"

"இல்லை. ஏன்?"

"ஆரோ மூச்சு விட்டது கேட்டது."

ஓட்டி சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கயிறு சுற்றுவதை விட்டுவிட்டு அண்ணையைப் பார்த்தான். அண்ணை கடலைப் பார்த்தபடி இருந்தார்.

"எனக்கு விசில்," என்றார். "நாலு வருசமாய். வலக்காதிலை."

அந்தக் காது வேறொன்றையும் கேட்பதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. படகிலும் தேத்தண்ணிக் கடையிலும் என்னை எப்போதும் இடப்பக்கம் இருத்துவார். வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"தம்பி படகு முன் அணியத்திலை நிண்டு விசிலடிக்கிறவன். உனக்கு ஞாபகம் இருக்கோ?"

இருந்தது. அவருடைய தம்பி நாலு வருடத்துக்கு முந்திய ஒரு மாரிகாலத்தில் தொழிலுக்குப் போனவன். படகு கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அவன் வரவில்லை.

"சீழ் வருது, நாத்தம் வருது, எல்லாம் தெரியும்," என்றார் அண்ணை. "ஆனால் டொக்டரிட்டைக் காட்டினால் அந்த விசிலையும் நிப்பாட்டிப் போடுவினம்."

இரண்டு நாள் கழித்து யாழ்ப்பாணத்தில் காது டொக்டரிடம் போனேன். தலை சுற்றுகிறது, துணைக்கு வாருங்கள் என்று அண்ணையையும் கூட்டிப் போனேன். டொக்டர் இளவயதுப் பெண். மெல்லிய கமராவை விட்டுத் திரையில் காட்டினார். பழைய பாண் ரொட்டியில் பிடிக்கிற மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். அதன் நடுவே கிழிந்த செவிப்பறை. அது என் தலைக்குள் இருக்கிற இடம் என்று நம்ப முடியவில்லை.

"என்ன விட்டுக் குடைஞ்சனீங்கள்?"

"கோழி இறகு... பிறகு திறப்பு."

"அதாலைதான் தோல் கீறுப்பட்டது. ஈரக் காதிலை கீறல் இருந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். எண்ணெயும் விட்டிருப்பியள். இனி நான் தாற மருந்தைத் தவிர ஒரு துளியும் வேண்டாம். தலை முழுகேக்கை வஸ்லின் தடவின பஞ்சு வையுங்கோ. நான் சொல்லும்வரை கடல் இல்லை."

மூச்சுச் சத்தத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தண்ணிக்குள்ளை சத்தம் எந்தப் பக்கம் எண்டு மனிசக் காதுக்குத் தெரியாது. பக்கம் தெரிஞ்சால் அது வெளியிலை இருந்து வரேல்லை. அடைச்ச காதுக்குள்ளை உங்கடை மூச்சே உங்களுக்குக் கேட்டிருக்கு."

நான் மூச்சை நிறுத்திய பிறகும் வந்ததே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. "இவரையும் ஒருக்காப் பாருங்கோ," என்றேன்.

அண்ணையின் காதைப் பார்த்ததும் டொக்டரின் முகம் மாறியது. செவிப்பறையில் பழைய ஓட்டை. தோல் உள்ளே வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. எலும்புக்கு அப்பால் மூளை. ஒப்பரேசன்தான், கெதியாய், பிந்தாமல் செய்ய வேண்டும் என்றார்.

"செய்தால் விசில் போயிடுமோ?" அண்ணை கேட்டார். ஏன் என்றும் சொன்னார்.

டொக்டர் கமராவைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாது, ஐயா. விட்டால் நீங்கள் இருக்கமாட்டியள். அது தெரியும்."

அண்ணை நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸிலும் என்னைத் தன் இடப்பக்கமே இருத்தினார்.

நான் வீட்டில் கிடந்தேன். அவர் தனியாக இறங்கத் தொடங்கினார். ஒரு நாள் பின்னேரம் ஓட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. ஓட்டிதான் நடந்ததைச் சொன்னான்: வழக்கமான நேரம் கடந்தும் அண்ணை ஏறி வரவில்லை, குமிழிகள் படகை விட்டு விலகி ஆழப் பக்கமாகவே போயின, தனியாக இறங்குவதால் அண்ணையின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவன் தன் பலம் முழுக்கப் போட்டு இழுத்திருக்கிறான்.

"எங்கை போனனீங்கள் அண்ணை?"

"முந்தி விசில் மட்டும்தான்," என்றார். "இண்டைக்கு வா, வா எண்டு கூப்பிட்ட மாதிரிக் கிடந்தது. நானும் போனன். சிலிண்டரிலை காத்து முடியப் போகுது எண்டும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் போனன்." வாசல்படியில் இருந்துகொண்டார். "அவன் என்னை அப்பிடிக் கூப்பிடமாட்டான். என்ரை தம்பி என்னைச் சாகக் கூப்பிடமாட்டான். நாளைக்கு டவுனுக்குப் போவம்."

ஒப்பரேசன் நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று நான்தான் பக்கத்தில் நின்றேன். "நிண்டிட்டுதோ?" என்று கேட்டேன். தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை. இருக்கு. ஆனால் நல்லாத் தூரப் போயிட்டுது."

இனி அவர் சிலிண்டர் கட்டவே கூடாது என்றார்கள். இப்போது படகில் இருக்கிறார். எனக்குச் செவிப்பறை மூடி, டொக்டர் சரி சொல்ல மூன்று மாதத்துக்கு மேலானது. என்னோடு இப்போது ஓட்டியின் மச்சான் இறங்குகிறான். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்குகிறேன். வலி வருவதற்கு முன்பே, முழத்துக்கு முழம் நின்று, மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதுகிறேன். திறக்காவிட்டால் கொஞ்சம் ஏறிப் பார்ப்பேன். அப்போதும் திறக்காவிட்டால் அன்று தொழில் இல்லை. தடிமன் என்றால் படகிலேயே ஏறுவதில்லை.

ஏறி வந்ததும் அண்ணை போத்தல் நல்ல தண்ணீரால் என் இரண்டு காதையும் கழுவி, தலையை ஒவ்வொரு பக்கமாகச் சரித்துப் பிடித்து வடியவிட்டு, துவாய்த் துண்டின் நுனியால் வெளிப்புறத்தை மட்டும் ஒற்றுவார். ஒற்றும்போது, ஓட்டிக்குக் கேட்காத குரலில், "கீழை ஏதும் கேட்டதோ?" என்பார்.

"இல்லை அண்ணை."

அவர் மற்றக் காதைத் துடைக்கத் தொடங்குவார்.