பரணிலிருந்து இறங்கியவர்

கல்முனை றெனோல்ட் ஒரு கைபேசி விளையாட்டுச் செய்திருந்தான். அதில் வரும் ஊருக்கும் குளத்துக்கும் மனிதர்களுக்கும் இணையத்தில் கதைக் கட்டுரைகள் எழுதுவது சாய்ந்தமருது றினோஸாவின் வேலை. இன்னார் யார், எங்கே பிறந்தார், எதற்குப் பயந்தார் என்று உயிருள்ள ஆட்களைப் பற்றி எழுதுவது போல எழுத வேண்டும். றெனோல்ட் போட்ட சட்டம் ஒன்றுதான்.

"விளையாட்டுக் கணக்கு கதைக்குள்ள வரக்கூடாது அக்கா. எத்தின வெடி, எந்தப் பொத்தான், அதெல்லாம் வேற பக்கத்துக்கு."

அது அவளுக்கு லேசாகத்தான் வந்தது, வயல் காவல்காரரைப் பற்றி எழுதும் வரைக்கும்.

விளையாட்டில் அந்தக் காவல்காரர் பரணில் இருப்பார். யானை வரும். யானை வெடியோடு கீழே இறங்குவார், மிதிபட்டுச் சாவார். றினோஸாவைக் கட்டிய மாப்பிள்ளை ஜவுபர் இறக்காமம் ஊர் வயலில் அப்படித்தான் மவுத்தானார். றெனோல்டுக்கு அது தெரியாது. அவள் சொன்னதுமில்லை.

அவர் போன பிறகு வெளியே இறங்காமல் வீட்டோடு இத்தா இருந்த மாதங்களில் அவள் ஜவுபரை இறங்கவிடாமல் மனதுக்குள் மறித்து மறித்துப் பார்த்தவள். அன்றைக்கு மழை பெய்து அவர் வீட்டில் நின்றிருந்தால்? பரணிலிருந்தே வெடியைக் கொளுத்தி எறிந்திருந்தால்? எப்படி மாற்றிப் பார்த்தாலும் கடைசியில் ஏணி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அந்தப் பரணை அவள் கண்ணால் கண்டதே இல்லை. பிறகும் அந்தச் சத்தம் விடவில்லை. உலை வைக்கும்போதும் கேட்டது, தொழுகையிலும் கேட்டது.

கட்டுரையை எழுதிப் போட்டாள். அதன் கீழே விளையாடுகிறவர்கள் வந்து எழுதத் தொடங்கினார்கள். ஒருவன் யானை வருமுன்னே நெல் வேளாண்மையை வெட்டி முடித்தானாம். ஒருத்தி ஏணியையே உடைத்துப் போட்டாளாம். அப்படியும் அவர் இறங்கிவிட்டாராம். அவரைக் காப்பாற்றுவது எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள்.

ளுஹர் தொழுதுவிட்டு றெனோல்டுக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"தம்பி, அந்தக் காவல்காரரக் காப்பாத்த வழி இரிக்கா?"

"இல்ல அக்கா. என்ன செஞ்சாலும் இறங்குவார். அப்பிடித்தான் செஞ்சு வெச்சிருக்கன்."

அவள் போனை வைத்துவிட்டு, கட்டுரையின் முடிவில் ஒரு வரி சேர்த்தாள்: 'இவரைக் காப்பாற்ற எந்த வழியும் இல்லை.'

மறுநாள் றெனோல்ட் கோல் எடுத்தான். "அக்கா, அது விளையாட்டுக் கணக்கெல்லோ. கதையில இருக்கிற மனிசனுக்குத் தான் சாகப்போறது தெரியாது. அந்த வரிய எடுத்துடுங்க."

"எத்தின வெடி எண்டு நான் எழுதல்ல. எந்தப் பொத்தான் எண்டும் எழுதல்ல. இது மட்டும் கதைக்குள்ள இரிக்கட்டும் தம்பி. அவர்ர வீட்டுல ஒருத்தி இரிப்பாதானே, அவள் இதத் தெரிஞ்சிக்கணும்." அதற்குப் பிறகுதான் ஜவுபரைப் பற்றிச் சொன்னாள்.

அவனுடைய குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியாது அக்கா. நான் மாத்திவிடுறன். அவர் தப்பிப் போக ஒரு வழி வைக்கிறன்."

"வேணாம்" என்றாள். "வழி வெச்சா, என்ட மாப்பிள்ளைக்கு அந்த வழிய நான் எங்க தவற விட்டன் எண்டு தேடப் பாப்பன்."

வரி அப்படியே நின்றது. ஏணிச் சத்தமும் விட்டது. உம்மா வீட்டுக்குப் போய்வந்தாள், புதுச் சட்டைக்கு அளவு கொடுத்தாள்.

பெருநாள் கழித்து, கட்டுரையின் கீழே முன்பின் தெரியாத ஒரு பெயரில் இப்படி எழுதியிருந்தது: 'நான் அவரைக் காப்பாற்றினேன். யானை திரும்பிப் போனது. அவர் வெடியைக் கீழே வைத்துவிட்டு நடந்து போனார்.'

றெனோல்ட் எல்லாவற்றையும் திறந்து பார்த்தான். "நடக்கவே ஏலாது அக்கா. அவர் நடந்து போற மாதிரி நான் படமே கீறல்ல. ஆரோ பொய்க்கு எழுதியிருக்கான். அழிச்சிடட்டா?"

"விடுங்க."

கட்டுரையில் தன் வரியை அவள் எடுக்கவில்லை. அந்த ஆளுக்கு மட்டும் பதில் எழுதினாள்: 'எந்தப் பக்கமாப் போனார்?'

அந்தப் பெயரில் பிறகு ஒருவரும் வரவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கிறாள்.