லாலாகுடா கேட்டில் நின்ற பஸ்

என்னிடம் ஒரு கடிதத்தின் கார்பன் நகல் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் விட்டுப்போய், பின்பக்கம் ஒட்டிய பிளாஸ்டிக் டேப்பின் தயவில் இன்னும் ஒரே தாளாக இருக்கிறது. அதன் கடைசி வரியைப் பேனாவால் மூன்று முறை அழுத்தி அடித்திருக்கிறார்கள். கடிதத்தை டைப் அடித்தவள் நான். வரியை அடித்தவர் கைடு அக்கா.

எழுபதுகளில் சிகந்திராபாத்தில், ஊரைச் சுற்றிக் காட்டும் பஸ் நிறுவனம் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். அக்கா அங்கே தற்காலிகக் கைடு. வேலூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியம் அவர் வாயில் உருதுவில் திரும்பி இங்கிலீஷில் போய் நிற்கும். காலையில் கோல்கொண்டா, பிறகு சார்மினார், மியூசியம், கடைசியாக உஸ்மானியா ஆர்ட்ஸ் காலேஜ் என்று அச்சடித்த பட்டியல் ஒன்று உண்டு. கோட்டை வாசலில் கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும் அல்லவா, அங்கே எல்லா கைடுகளும் தாங்களே தட்டிக் காட்டுவார்கள். அக்கா மட்டும் கூட்டத்தில் வாயே திறக்காத ஆளாகப் பார்த்துப் பிடித்துத் தட்டச் சொல்வார். பெரும்பாலும் மாமியாருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் ஏதாவது ஒரு மருமகளாக இருக்கும்.

பட்டியலில் இல்லாத இடம் ஒன்றையும் அக்கா வைத்திருந்தார். ஆர்ட்ஸ் காலேஜை முடித்துக்கொண்டு தார்நாக்கா வழியாகத் திரும்பும் பஸ்ஸை, லாலாகுடா ரயில்வே பட்டறையின் கேட்டுக்கு எதிரே சாயங்காலச் சங்கு ஊதும் நேரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வார். கேட் திறக்கும். சைக்கிள்களும் டிபன் கேரியர்களுமாகத் தெருவே நிறைந்துவிடும். அக்கா மைக்கை எடுப்பார்.

"நீங்க வந்தீங்களே ரயிலு, அதோட சக்கரத்தை ரிப்பேர் பண்ணி அனுப்பறவங்க இவங்கதான். கோட்டை கட்டின ராஜா பேரு எல்லாருக்கும் தெரியும், கல்லு தூக்கினவனை யாரு பார்த்தா? இவங்களையாவது கண்ணால பார்த்துட்டுப் போங்க. கை காட்டுங்க."

பஸ்ஸே கை காட்டும். தெருவிலிருந்தும் கைகள் எழும்பும்.

அலுவலகத்தில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு நாள் அந்த பஸ்ஸில் சும்மா ஏற்றி அனுப்புவார்கள். என் முறை வந்த அன்று, கேட்டிலிருந்து முதலில் வந்த பத்துப் பேரில் என் அப்பாவும் இருந்தார். காக்கிச் சட்டையில் முழங்கைவரை கிரீஸ் கறை, கையில் டிபன் கேரியர். அலுவலகத்தில் நான் தார்நாக்காவில் வீடு, அப்பாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். ரயில்வே காலனிக் குவார்ட்டர்ஸ் என்றோ, பட்டறை ஃபிட்டர் என்றோ ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அப்பா பஸ்ஸைப் பார்த்துச் சிரித்தபடி கை அசைத்தார். கைக்குட்டை விழுந்துவிட்டது போல நான் சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டேன். விழாத கைக்குட்டையை எவ்வளவு நேரம் தேட முடியுமோ அவ்வளவு நேரம் தேடினேன். நிமிர்ந்தபோது அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே ஒரு பயணி புகார் எழுதிப் போட்டார். கோட்டை பார்க்கக் காசு கொடுத்தவரைக் கூலிக்காரர் கூட்டத்துக்கு எதிரே உட்கார வைத்துவிட்டார்களாம். மேனேஜர் விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ கொடுத்தார். அதையும் நான்தான் டைப் அடித்தேன். அக்காவை நிரந்தரமாக்கும் ஃபைல் அதே மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. தப்பு, இனிமேல் அங்கே நிறுத்தமாட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மறுநாளே ஃபைல் நகரும் என்று மேனேஜர் நயமாகத்தான் சொன்னார்.

"நக்கோ சார்," என்றார் அக்கா. வேண்டாம் என்பதற்கு அந்த ஊரில் அதைவிடக் குறைவாகச் சொல்ல முடியாது.

பதிலை என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டே சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நிறுத்தியது உண்மை, நின்றது ஏழு நிமிடம், அந்த இடமும் இந்த நகரம்தான், இனியும் நிறுத்துவேன். அவ்வளவுதான் அவர் சொன்னது. கடைசியில் "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்று ஒரு வரியை நானாகச் சேர்த்துவிட்டேன். அந்த அலுவலகத்திலிருந்து போகிற எல்லாக் கடிதமும் அப்படித்தான் முடியும், விரல் பழக்கம் என்று அன்று சாதித்தேன். முழுப் பொய். அவருக்கு வேலை போய்விடக் கூடாதே என்ற பயம் பாதி. மீதி என்னவென்று எனக்குத் தெரியும்.

அக்கா தாளை உருவி வாசித்தார். என் பேனாவை எடுத்து அசலிலும் அடித்தார், நகலிலும் அடித்தார்.

"நான் எப்போம்மா வருந்தினேன்? நீ வருந்தறதையெல்லாம் என் லெட்டர்ல கைக்குப் போடறே?"

'கைக்கு' என்றால் அந்த ஊர் உருதுவில் 'எதற்கு'. அவர் கையெழுத்துப் போட்டு மேனேஜர் அறைக்குள் போய்விட்டார்.

நிரந்தரம் நின்றுபோயிற்று. அவரை பஸ்ஸிலிருந்து இறக்கி டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அக்கா அசரவில்லை. கவுண்டர் ஓட்டை வழியே டிக்கெட்டை நீட்டும்போதெல்லாம், "சாயங்காலம் லாலாகுடா கேட் இருக்கு, டிரைவர்கிட்ட கேட்டு நிறுத்தச் சொல்லுங்க, விட்டுடாதீங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினார். நாற்பது பேர் கேட்டால் எந்த டிரைவர் நிறுத்தமாட்டார்? மெமோ கொடுப்பதானால் இனி பயணிகளுக்குத்தான் கொடுக்க வேண்டும். மேனேஜர் கொஞ்ச நாள் கத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்தார். அச்சடித்த பட்டியல் கடைசிவரை மாறவில்லை. பஸ்ஸும் நிற்காமல் போனதில்லை.

அக்கா கவுண்டருக்குப் போன அடுத்த வாரம் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சங்கு ஊதும் முன்பே கேட்டில் போய் நின்றேன். அப்பா திடுக்கிட்டு, "என்னடி, வீட்ல ஏதாச்சுமா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி, டிபன் கேரியரைப் பிடுங்கிக்கொண்டேன். எங்கள் பஸ் வந்து நின்றது. எனக்குத் தெரிந்த டிரைவர், எனக்குத் தெரிந்த புதுக் கைடு. அப்பாவின் கிரீஸ் கையைப் பிடித்து, அவர் கையோடு என் கையையும் சேர்த்து உயர்த்தி அசைத்தேன்.

இப்போது அதே ஊரில் ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறேன். இந்த வருடம் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்து மலருக்கு நகரத்தின் பத்து அடையாளங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பட்டறை கேட்டை முதலில் வைத்து எழுதிக் கொடுத்தேன். செயலாளர் தம்பி மரியாதையாகவே மெயில் போட்டார்: கேட் எல்லாம் அடையாளமா மேடம், அதை எடுத்துவிட்டு ஏரி நடுவே நிற்கும் புத்தர் சிலையைப் போடலாமா? எடுக்க முடியாது, வேண்டுமானால் கட்டுரையையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கம்ப்யூட்டரில் பதில் அடித்தேன். அடியில் பார்த்தால், சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று கிடக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் இந்த விரல்களுக்குப் புத்தி வரவில்லை.

ஒரு பொத்தானை அழுத்தினால் வரி தடமில்லாமல் போய்விடும். நான் அழுத்தவில்லை. தாளில் அச்செடுத்து, பழைய நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வரியைப் பேனாவால் மூன்று முறை அடித்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு நடந்துபோய், அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.